ஐயா நடந்த ஆறாயிரம் அடி

சிவக்கொழுந்தர் அந்தக் கைக்கடிகாரத்தை மூன்றாவது முறையாகக் கழற்றித் தலையணைக்கு அடியில் தள்ளினார்.

"ஐயா, தம்பி கனடாவுல இருந்து அனுப்பினதுங்க. கட்டிக்கிட்டு நாலு எட்டு வச்சாப் போதும், அதுவா எண்ணிக்கிடும்" என்று கெஞ்சினாள் ராக்கம்மா.

"எண்ணுறதுக்கு நான் அடி வைக்கவேணுமே! முப்பத்தாறு வருஷம் தபால் பையைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தை முழுக்க நடந்தனான் பிள்ளை. ஒரு மனிசன் நடக்கவேண்டியதெல்லாம் நான் நடந்து முடிச்சாச்சு. கொண்டுபோய் லாச்சிக்குள்ள போடு."

"டாக்டர் நடக்கச் சொல்றாருங்களே."

"அவருக்கென்ன, அவர் காரில போறவர்."

எண்பது வயது மனிதரோடு அதற்கு மேல் மல்லுக்கட்ட முடியாது. ராக்கம்மா கடிகாரத்தை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினாள். மூடிய பிறகும் லாச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரணம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் சிவக்கொழுந்தர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஒப்பரேஷன் முடிந்து அவர் வீட்டுக்கு வந்த அன்றே அவரைப் பார்த்துக்கொள்ள ராக்கம்மாவும் வந்துவிட்டாள். காலை ஏழு மணிக்கு வந்து குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சமைத்து, பேச்சுத்துணையும் கொடுத்துவிட்டு மாலை ஆறு மணிக்கு மட்டக்குளி பஸ் ஏறுவாள். ஐயா வோக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து பல்கனி வரை போவார். பிறகு பல்கனியிலிருந்து கட்டில் வரை வருவார். எட்டு மாதமாக அவருடைய உலகப் பயணம் அவ்வளவுதான்.

முந்தின நாள் மகன் தர்ஷன் டொரொண்டோவிலிருந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, குறை நினைக்காதீங்கோ. எலும்பு நல்லாப் பொருந்திட்டுது, நடக்கலாம் எண்டு டொக்டர் சொல்லி அஞ்சு மாசமாச்சு. இன்னும் ஒரு மாசத்துக்குள்ள நாளுக்கு ரெண்டாயிரம் அடி வரயில்லை எண்டா ஏஜென்சியில சொல்லி ஒரு நேர்ஸைப் போடவேண்டித்தான் வரும்."

"சரிங்க தம்பி" என்று சொன்னவளுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். கொழும்பில் பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனித்திருக்கும் கிழடுகளுக்கா பஞ்சம்? மூன்று மாதம் படித்து வாங்கிய சான்றிதழை அவள் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். தலவாக்கலைப் பக்கத்திலிருந்து கலியாணமாகிக் கொழும்புக்கு வந்தவள், இந்த ஐம்பது வயதுக்குள் நான்கு வீடுகளில் நான்கு பேரைப் பார்த்து அனுப்பியும் வைத்துவிட்டாள். அந்த வீடுகளில் அவளுக்கென்று தனிக் கோப்பை இருந்தது, குசினி மூலையில் ஒரு சின்ன முக்காலி இருந்தது. இந்த வீட்டில் அவள் தட்டு மேசைக்கு வரும்வரை சிவக்கொழுந்தர் சோற்றில் கை வைக்க மாட்டார்.

அது மட்டுமில்லை. வந்த மூன்றாம் மாதமே அவர் ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

"பிள்ளை, நாலு மணிக்கு நான் கொஞ்சம் கண்ணயருவன். நீ ஒரு மணித்தியாலம் கடற்கரைப் பக்கம் போய்க் காத்து வாங்கிக்கொண்டு வா. நீயும் மனிசிதானே?"

"உங்களைத் தனியா விட்டுட்டா?"

"ரொனி வந்து பாப்பான்."

ரொனி அந்த ஃப்ளாட்டின் செக்கியூரிட்டி. கொட்டாஞ்சேனைக்காரர், நாற்பத்தைந்து வயது, இரவில் படுப்பதும் கேட்டறையில்தான். கேட்டருகே ஒரு கதிரை, கதிரையில் அவர், அவர் மடியில் அவருடைய வயிறு, இதுதான் அந்தக் கட்டடத்தின் காவல். நாலு மணிக்கு மாடிக்கு வந்து ஐயாவைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். நாலு வீட்டில் வேலை செய்தும் யாரும் ராக்கம்மாவைப் பார்த்து 'நீயும் மனுஷிதானே' என்று சொன்னதில்லை. அன்று அவள் ரயில் பாதையைத் தாண்டிப் போய்க் கல்லில் உட்கார்ந்து, கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். இந்த வீட்டை விட்டுப் போவதா?

கடிகாரம் லாச்சிக்குப் போன மறுநாள், நாலு மணி. சிவக்கொழுந்தர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டையும் விடத் தொடங்கிவிட்டார். ராக்கம்மா சத்தமில்லாமல் லாச்சியைத் திறந்தாள். கடிகாரத்தைத் தன் கையில் கட்டி, மேலே சேலைத் தலைப்பை இழுத்துவிட்டாள்.

அன்று அவள் கல்லில் உட்காரவில்லை. கடலோர வீதியில் பம்பலப்பிட்டிப் பக்கமாக விறுவிறென்று நடந்தாள். போய்த் திரும்பி வந்து பார்த்தால் இரண்டாயிரத்து முந்நூறு.

மறுநாள் மாலை வீடியோவில் வந்த தர்ஷனுக்கு முகமெல்லாம் பல்.

"அப்பா! நேற்று ரெண்டாயிரத்து முந்நூறு அடி! கெட்டிக்காரன்!"

சிவக்கொழுந்தருக்கு முகம் வெளிறியது. "ஆர் சொன்னது?"

"எனக்கு எல்லாம் தெரியும் அப்பா. இஞ்ச என்ர போனில காட்டுது."

"நான் நடக்கயில்லை. கட்டிலை விட்டு இறங்கவேயில்லை. பிள்ளையைக் கேள்!"

பிள்ளை அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் பருப்பில் கல் பொறுக்கப் போயிருந்தாள்.

"தன்னடக்கத்தைப் பார்!" என்று சிரித்துவிட்டுத் தர்ஷன் போனை வைத்தான்.

"ராக்கம்மா" என்றார் சிவக்கொழுந்தர் மெதுவாக. "அந்த மணிக்கூடு லாச்சிக்குள்ளதானே கிடக்குது?"

"ஆமாங்கய்யா" என்றாள் அவள். கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவருக்கு நடை இன்னும் மோசமானது. பல்கனி வரை போனவர் பாதி வழியில் நின்று, "ஐயோ அம்மா" என்றார். மகன் எவ்வளவு புகழ்ந்தானோ அவ்வளவு நொண்டினார். ராக்கம்மாவுக்கு நெஞ்சு சுட்டது. நான் அவருடைய நடையை நடந்துகொண்டு திரிந்தால் அவர் கால் எப்படித் தேறும்?

ஆனால் நிறுத்தவும் பயம். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குத் தினமும் தீனி போடவேண்டும். அவள் நாள்தோறும் நாலு மணிக்குத் தீனி போட்டாள்.

மாலையில் அவள் திரும்பி வரும்போது ஐயா எழும்பிப் பல்கனியில் இருப்பார். முகத்தில் வியர்வை துளிர்த்திருக்கும். "சரியான புழுக்கம்" என்பார். அவள் தேநீரோடு பக்கத்தில் உட்காருவாள். பிறகு பழைய வெள்ளவத்தை வரும்.

"உதில நிக்குதே எட்டு மாடி, அது அப்ப 'மேரி வில்லா'. ஒரு பறங்கிக் கிழவி பியானோ பழக்கினவ. எனக்குத் தெரிஞ்சு அவவுக்கு வருஷத்தில ஒரே ஒரு கடிதம்தான் வரும், அவுஸ்திரேலியாவில இருந்து, நத்தார்ப் பண்டிகைக்கு. வாசல்லயே வைச்சு உடைச்சு எனக்கு முழுக்க வாசிச்சுக் காட்டுவா. நான் பையோட நிண்டு கேக்கவேணும். மற்ற வீட்டுக்காரருக்குத் தபால் பிந்தும்."

"கோவிக்க மாட்டாங்களா?"

"கோவிப்பினம். ஆனா எல்லாருக்கும் ஒரு நாள் கடிதம் வாசிச்சுக் காட்ட ஆள் தேவைப்படும் பிள்ளை."

சில நாள் அவர் குரல் இறங்கிவிடும்.

"எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கடிதம் வந்துகொண்டே இருந்தது. வீடுகள்தான் இல்லை. கரிப்பிடிச்ச கேட்டைப் பாத்துக்கொண்டு கடிதத்தோட நிண்டனான். 'ஆள் இல்லை' எண்டு எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லிச்சினம். எனக்கு மனம் வரயில்லை. பையோட பம்பலப்பிட்டியில பள்ளிக்கூட அகதி முகாமுக்குப் போய், ஒவ்வொரு பேராக் கூப்பிட்டனான். கடிதம் வாங்கின ஒருத்தர் கடிதத்தைப் பிரிக்காம என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார்."

ராக்கம்மா அவருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றுவாள். இந்தக் கதைகளைக் கேட்க இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

"ஃப்ரான்சிஸ் வீதி மூலையில கடைசியா மிஞ்சியிருந்த ஓட்டு வீட்டையும் இடிக்கத் துவங்கிட்டாங்கள்" என்றார் ஒரு நாள்.

"உங்களுக்கு யாருங்கய்யா சொன்னது?"

"ரொனி சொன்னவன்" என்று அவர் சட்டென்று தேநீரைக் குடித்தார்.

இப்படி இரண்டு கிழமை நன்றாகவே போனது. மூன்றாம் கிழமை செவ்வாய்க்கிழமை வந்து கெடுத்தது.

செவ்வாய் என்றால் ராக்கம்மா வீட்டுக்குப் போகும் வழியில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் இறங்கிவிட்டுத்தான் போவாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள்தான். செவ்வாயில் அந்தோனியார் வாசலில் யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்பதில்லை. அன்று மெழுகுதிரி கொளுத்தி, பொய்க்கு மன்னிப்புக் கேட்டு, பஸ் கிடைக்காமல் பாதித் தூரம் நடந்து, மட்டக்குளி ஃப்ளாட்டில் நாலு மாடி ஏறிக் கதவைத் திறக்கும்போது போன் அடித்தது.

"அக்கா! அப்பா மட்டக்குளியில என்ன செய்யிறார்?"

ராக்கம்மா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். தினமும் கிளம்பும்போது கழற்றி லாச்சிக்குள் வைப்பதை அன்று மறந்திருந்தாள். கடிகாரம் அவளைப் பார்த்துப் பச்சையாகக் கண் சிமிட்டியது.

"அது வந்துங்க தம்பி... ஐயா வந்து... நேத்திக்கடனுங்க."

"என்ன நேத்தி?"

"கொச்சிக்கடை அந்தோனியாருக்கு. கால் நல்லானா வர்றேன்னு வேண்டிக்கிட்டாராம். த்ரீவீல்ல கூட்டிக்கிட்டு வந்தேன். அப்படியே என் வீட்டுலயும் ஒரு டீ குடிச்சிட்டு..."

"பதினோராயிரத்து நானூறு அடி காட்டுது! த்ரீவீலிலயோ?"

"த்ரீவீலு பாதியில நின்னுருச்சுங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அக்கா, இது அற்புதம்" என்றான் தர்ஷன்.

அடுத்த நாள் அற்புதம் உலகமெல்லாம் பரவிவிட்டது. லண்டனிலிருந்து அருள்நாயகி மாமி, சிவக்கொழுந்தரின் தங்கை, ஐயாவையே கூப்பிட்டுவிட்டார்.

"அண்ணை, கந்தனைக் கைவிட்டிட்டியளோ? பரவாயில்லை, அடுத்த செவ்வாய் போகேக்க என்ர முழங்காலுக்கும் ஒரு திரி கொளுத்துங்கோ."

"இவளுக்கு விசர்" என்று போனை வைத்த சிவக்கொழுந்தர் நெற்றியைத் தடவினார். "பிள்ளை, நான் கொச்சிக்கடைக்குப் போனனானோ?"

"இல்லீங்கய்யா."

"நல்லாத் தெரியுமோ?"

"நல்லாத் தெரியுங்க."

"எண்டா சரி. எனக்குத்தான் மூளை பிசகிட்டுதோ எண்டு பாத்தன்."

அன்று மாலை தர்ஷன் ராக்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டான். குரல் தேனாக இருந்தது.

"அக்கா, நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டன். ஆனா யோசிச்சுப் பாருங்கோ, பதினோராயிரம் அடி நடக்கிற மனிசனுக்கு இனி ஆள் எதுக்கு? இந்த மாசக் கடைசியோட நீங்கள் நிக்கலாம். உங்களுக்கு நல்ல கடிதம் ஒண்டு எழுதித் தாறன்."

நடக்காவிட்டாலும் வேலை போகும், நடந்தாலும் வேலை போகும். ராக்கம்மா குசினிச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் யோசித்தது ஐந்தே நிமிடம். அடிகள் குறையவேண்டும். கூடிய அற்புதம் மெல்லக் குறையவேண்டும். ஆனால் அந்தக் கடிகாரம் நாடித்துடிப்பையும் தம்பிக்குக் காட்டும்; நாள் முழுக்க லாச்சிக்குள் கிடந்தால் அடி பூச்சியம், நாடியும் பூச்சியம். தம்பி அங்கே மயங்கி விழுந்துவிடுவார். ஆக, நாடி இருக்கவேண்டும், நடை இருக்கக்கூடாது. கொழும்பு முழுக்கத் தேடினாலும் அப்படிப்பட்ட ஆள் ஒருவர்தான்.

அவள் கேட்டுக்கு இறங்கினாள்.

ரொனி கதிரையில் இருந்தார். கதிரைக்கடியில் வழக்கம்போல ஒரு சோடி பழுப்புச் சப்பாத்து கிடந்தது, குதி தேய்ந்து. கொஞ்ச நாளாக ரொனியின் வயிறு வற்றியிருந்தது. பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். மனிதருக்கு ஏதும் வருத்தமோ என்று ராக்கம்மா நினைத்துக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னதும் ரொனி தலையைச் சொறிந்தார்.

"அனே அக்கா, இதெல்லாம் எனக்கு ஏன்?"

"உக்காந்து இருந்தாப் போதும் ரொனி. நீங்க எப்பவும் செய்யிற வேலைதானே? ஆனா கழட்டவே கூடாது. நாடி நின்னா தம்பி பதறிடுவாரு. ஐயாவுக்கும் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

ரொனி கழுத்துச் சிலுவையைத் தொட்டார். பெருமூச்சு விட்டார். "இந்த ஃப்ளாட்டில சத்தியம் பண்ணியே என்ட ஆயுசு முடியும் போல" என்று சொல்லிக் கடிகாரத்தைக் கட்டி, சீருடைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மாலை தர்ஷன் அழைத்தபோது ராக்கம்மா முந்நூறு, நானூறு அடியை எதிர்பார்த்துச் சோக முகத்தோடு தயாராக இருந்தாள்.

"ஆறாயிரத்து இருநூறு! அப்பா, கொஞ்சம் குறைஞ்சாலும் சூப்பர்!"

சிவக்கொழுந்தர் கட்டிலில் மெல்லச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு இடுப்பு விண் விண் எண்டு குத்துது. போனை வை."

ராக்கம்மா படியிறங்கி ஓடினாள்.

"ரொனி! உக்காந்திருக்கிற மனுஷன் எப்புடி ஆறாயிரம் அடி நடப்பாரு?"

"நான் கதிரையை விட்டு எழும்பவே இல்ல அக்கா" என்று ரொனி வானத்தைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"மெஷின் பிழையாக்கும். சைனா சாமான்தானே?"

அடுத்த நாள் ஆறாயிரத்து நானூறு. அதற்கடுத்த நாள் மழை தூறியது. ஐயாயிரத்து எண்ணூறு. "இந்த வயசில மழைக்குள்ளயும் நடக்கிறாரே!" என்று தர்ஷன் மெச்சினான். ராக்கம்மா காலண்டரைப் பார்த்தாள். மாதக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது.

அந்த எட்டு நாளும் போக விடாமல் தர்ஷனே வந்து இறங்கிவிட்டான். யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவோடு சேர்ந்து நடப்பதற்கென்று புதுச் சப்பாத்து வாங்கி, ஒரு கிழமை லீவு எடுத்து, சனிக்கிழமை காலை ஃப்ளாட் வாசலில் வேனிலிருந்து இறங்கினான்.

ரொனி ஓடிவந்து சூட்கேஸைத் தூக்கினார். பாரத்தில் சட்டைக் கை மேலே ஏறியது.

"இது அப்பாட மணிக்கூடெல்லோ?" என்றான் தர்ஷன்.

ரொனி சூட்கேஸைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார்.

மாடியில் நடந்தது நீண்ட விசாரணையில்லை. ராக்கம்மாவுக்குப் பொய் சொல்லி அலுத்துப்போயிருந்தது.

"நாந்தாங்க கட்டிக்கிட்டு நடந்தேன். கொச்சிக்கடைக்குப் போனதும் நாந்தான். இந்தக் கெழமை ரொனி கையில கட்டிவிட்டதும் நாந்தான். ஐயா ஒரு அடிகூட நடக்கல தம்பி."

சிவக்கொழுந்தர் கட்டிலிலிருந்து நிமிர்ந்தார். "என்ன? அந்த அடியெல்லாம் நீ நடந்ததோ?" பெரிய மூட்டையொன்றைத் தோளிலிருந்து இறக்கிவைத்தவர் போலத் தெரிந்தார். "அப்ப அந்தச் சாமான் என்னைப் பாக்கவே இல்லையோ?"

"அப்பா, நீங்கள் சும்மா இருங்கோ" என்றான் தர்ஷன். அவன் முகம் சிவந்திருந்தது. "அக்கா, உங்களை நம்பித்தானே அப்பாவை விட்டுட்டுக் கிடக்கிறன்? இண்டைக்கே போங்கோ."

ராக்கம்மா தன் பையை எடுத்தாள். சான்றிதழ், ஒரு மாற்றுச் சேலை, சீப்பு. அவ்வளவுதான் அதற்குள் இருந்தது.

"நில் பிள்ளை" என்றார் சிவக்கொழுந்தர். "தர்ஷன், நான்தான் அவளைக் கட்டச் சொன்னனான். உன்னட்டப் பேச்சு வாங்க ஏலாமல்."

ராக்கம்மா திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"அப்ப நடந்து காட்டுங்கோ, பாப்பம்" என்றான் மகன்.

சிவக்கொழுந்தர் எழுந்தார். வோக்கரை விட்டுவிட்டு ஒரு அடி வைத்தார். உதட்டைக் கடித்தார். இரண்டாவது அடியில் கால் மடங்கியது. "ஐயோ!" என்று சரிந்தவர் தரையில் விழாமல் சோஃபாவின் மெத்தை நடுவில் கச்சிதமாக விழுந்தார். தர்ஷன் பாய்ந்து பிடிப்பதற்குள் ராக்கம்மா பிடித்துவிட்டாள். இடுப்புக்குத் தலையணை, காலுக்கு முக்காலி, கைக்குத் தண்ணீர், எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது.

"இவள் இல்லாட்டி நான் பாத்ரூமுக்கும் போகமாட்டன் மோனை" என்றார் சிவக்கொழுந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தர்ஷன் கனநேரம் பல்கனியில் நின்றான். உள்ளே வந்தபோது கோபம் வடிந்திருந்தது. "சரி அக்கா, நீங்களே நில்லுங்கோ. அப்பா நடக்கத் துவங்கும் மட்டும்" என்றான்.

அந்தக் கிழமை அவன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். ராக்கம்மா குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். ஒவ்வொரு ஃப்ளாட்டின் முன்னாலும் சிவக்கொழுந்தர் கையைத் தூக்குவார். நாற்காலி நிற்கும்.

"இது லக்ஷ்மி வாசா. ஏழு பிள்ளையள், ஏழு பேருக்கும் தனித்தனியாக் கடிதம் வரும். உது பாங்க் மனேஜர் வீடு, அவற்ற நாய்க்கு என்னிலதான் பிரியம். இதில ஒரு ஜாம் மரம் நிண்டது. நீ சின்னனில பள்ளிக்கூடம் விட்டு வந்து இதுக்குக் கீழ நிண்டு எனக்குக் காவல் இருப்பாய். நான் மணி அடிச்சுக்கொண்டு வர, ஓடிவந்து பையைத் தூக்குவன் எண்டு அழுவாய்."

"எனக்கு ஞாபகம் இல்லையே அப்பா."

"எனக்கு இருக்குது. அது போதும்."

தர்ஷன் அந்த இடத்தில் குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். அது அவிழ்ந்திருக்கவில்லை என்பதை ராக்கம்மா பார்த்தாள். பார்க்காத மாதிரிக் குடையை மாற்றிப் பிடித்தாள். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில், ஓட்டுக் கூரையும் மரமும் பெயர்ப்பலகையுமாக ஒரு ஊரே ஐயாவின் வாயிலிருந்து எழுந்து நின்றது. அதை அவள் தினமும் கேட்டவள். மகன் இப்போதுதான் கேட்கிறான்.

வெள்ளிக்கிழமை அவன் கடிகாரத்தைத் தன் கையில் கட்டிக்கொண்டு விமானம் ஏறினான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஐயா வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "போய்க் காத்து வாங்கிக்கொண்டு வா பிள்ளை."

ராக்கம்மாவால் கேட்டைத் தாண்ட முடியவில்லை. ரொனியின் கதிரைக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அக்கா, கடலுக்குப் போகல்லியா?" ரொனி மணியைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். ஏனோ பதறினார். "போங்க அக்கா, நல்ல காத்து."

"மனசு சரியில்ல ரொனி. அந்த மனுஷன் எனக்காகப் பொய் சொன்னாரு. நான் என்ன செஞ்சேன்? என் வேலைக்காக அவரு நடையை நான் நடந்தேன். அந்த நேரத்துல அவரு கையைப் பிடிச்சு நடத்தியிருந்தா இந்நேரம் அவரு எந்திரிச்சிருப்பாரு. ரெண்டு எட்டு வைக்க முடியாம விழுந்தாரே, நீங்க பாக்கலியே! அந்தக் காலைக் கெடுத்தது நாந்தான்."

அவள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்து எழுந்தாள்.

"நாளையில இருந்து நாலு மணிக்கு நான் எங்கயும் போகப் போறதில்ல. பக்கத்துலயே இருந்து ஐயாவை நடக்க வைக்கப் போறேன். அவரு நடந்தா என் வேலை போயிரும், தெரியும். போகட்டும். அவரு மறுபடி அந்தத் தெருவுல எல்லாம் சொந்தக் கால்ல நடக்கணும்."

ரொனி எழுந்தார், உட்கார்ந்தார், சிலுவையைத் தொட்டு அதனிடம் ஏதோ மன்னிப்புக் கேட்டார். கதிரைக்கடியில் குனிந்து அந்தப் பழுப்புச் சப்பாத்துகளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"அழாதீங்க அக்கா, இது என்ட சப்பாத்து இல்ல, ஐயாட, நீங்க கடலுக்குப் போனதும் ஒவ்வொரு நாளும் பழைய தபால் ரவுண்ட் முழுக்க அவர் நடக்கிறார், பின்னால ஓடி ஓடித்தான் என்ட வயிறே வத்திச்சு, 'நான் நடக்கிறது மகனுக்குத் தெரிஞ்சா ராக்கம்மாவ அனுப்பிப்போடுவான், வாயத் திறக்காத' எண்டு அஞ்சு மாசத்துக்கு முந்தியே என்னட்டச் சத்தியம் வாங்கிட்டார்!"